பாண்டியன் தலைகொண்ட ஆதித்த கரிகாலன்



அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் வாழும் நம் சங்கத்துக் குடும்பத்தார் ஆண்டுதோறும் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி சென்று வருவது வழக்கம். புகைவண்டி திருவள்ளூரைக் கடந்து அரக்கோணத்தை அணுகுமுன் திருவாலங்காடு என்னும் நிலையத்தைத் தாண்டிச் செல்கின்றது. அத்தலம் காரைக்காலம்மையார் பேறு பெற்ற இடம் என்பதும், ஐந்து சபைகளுள் இரத்தின சபை ஆண்டுள்ளது என்பதும் யாவரும் அறிந்தனவே. ஆனால் சோழர் குலத்துள் நிகழ்ந்த ஒரு பெருங்கொலையின் வரலாற்றுக்கு உரிய இரண்டு சான்றுகளுள் ஒன்று அவ்வூரிலேதான் கிடைத்தது என்பதைப் பலர் அறியார். அவ்வாறு கொலையுண்டவன் சுந்தர சோழனுடைய மூத்த மகனும், முதலாம் இராசராசனுக்குத் தமையனுமாகிய ஆதித்த கரிகாலன். அவன் சரிதத்தை எழுதுக என்று சங்கச் செயலாளர் பணித்தமையின், யான் அறிந்த அளவில் ஈண்டு எழுதலானேன்.

கதையாக அறிந்தவர்கள் பலர் உள்ளனர். கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை தம் வார இதழில் வெளியிட்ட பொன்னியின் செல்வன் என்னும் நவீனத்தைப் படியாத தமிழ்க் குடும்பம் அரிது. அதனால் நேர்ந்த ஒரு சங்கடமும் உண்டு. என் வகுப்பில் பிற்காலச் சோழர் பாடம் நடத்தும்போதெல்லாம், கரிகாலன் கடம்பூர் மாளிகையில் இறந்தான் என்றும், நந்தினி என்பாளொருத்தி அதற்குக் காரணம் என்றும் மாணவர் உறுதியாகக் கூறுகின்றனர். நந்தினி நவீன ஆசிரியர் படைத்த பாத்திரம். கடம்பூர் மாளிகையில் நிகழ்ந்ததாக வருவதும் அவர் கற்பனையே. கொலை நிகழ்ந்த இடத்தை எந்தக் கல்லும் செப்பேடும் கூறவில்லை. நவீனம் நவீனமாக நிற்கட்டும்; நாம் கல்லையும் செம்பையும் பார்ப்போம்.

கரிகாலன் பிறப்பதற்கு முன்னரே சோழர் குடி ஒரு பேரிடி உண்டிருந்தது. முதற் பராந்தகன் கி.பி. 907 முதல் 955 வரை ஆண்ட பேரரசன். மதுரை கொண்டவன். அவன் முதுமையில், கி.பி. 949ஆம் ஆண்டு, அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுடைய படையோடு பெரும்போர் நிகழ்ந்தது. பராந்தகனுடைய மூத்த மகன் இராசாதித்தன் யானைமீதிருந்து பொருது, கங்க மன்னன் பூதுகன் கையால் மாண்டான். அதன்பின் தொண்டை மண்டலம் சோழர் கையினின்றும் நழுவிற்று. இன்று நாம் வாழும் இவ்வட்டாரம், அந்நாளில் புழற்கோட்டத்து அம்பத்தூர் நாடு என வழங்கிய இம்மண்ணும் அதன் சுற்றுப்புறமும், சில ஆண்டுகள் வடவர் ஆணையின்கீழ்க் கிடந்தன. தெற்கே பாண்டியனும் தலையெடுத்தான்.

இராசாதித்தனுக்குப் பின் அவன் தம்பி கண்டராதித்தன் பட்டம் பெற்றான். அவன் சிவபத்தியிற் சிறந்தவன். அவன் தேவியே நாம் போற்றும் செம்பியன் மாதேவியார். கண்டராதித்தன் இறந்தபோது அவன் மகன் மதுராந்தகன் மிக இளையன். ஆதலின் அரசு தம்பி அரிஞ்சயனிடம் சென்றது. அரிஞ்சயனும் நெடுங்காலம் ஆளவில்லை. கி.பி. 957இல் அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன், இரண்டாம் பராந்தகன் என்னும் பெயரோடு முடி சூடினான். இவ்வாறு அரசுரிமை மூத்த கிளையினின்றும் இளைய கிளைக்கு மாறியதை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னே எழுந்த ஐயங்களுக்கெல்லாம் வித்து இதுவே.

சுந்தர சோழனுக்கும், திருக்கோவலூர் மலையமான் குலத்து மகளாகிய வானவன் மாதேவிக்கும் பிறந்த மக்கள் மூவர். மூத்தவன் ஆதித்தன். அடுத்தவர் குந்தவைப் பிராட்டியார். இளையவன் அருண்மொழி; பின்னாளில் தஞ்சையிற் பெரிய கோயில் எடுத்த இராசராசன் அவனே.

ஆதித்தன் இளமை போர்க்களத்திலேயே தொடங்கிற்று. அப்பொழுது பாண்டி நாட்டில் வீரபாண்டியன் என்பான் சோழர் ஆணைக்கு அடங்காது தனியரசு செலுத்தினான். சோழன் தலை கொண்டவன் என்று அவன் தன்னைக் கூறிக்கொண்டதை அவன் கல்வெட்டுக்களிற் காணலாம். சோழர் குடியில் இளவரசன் ஒருவனை அவன் கொன்றிருத்தல் வேண்டும் என்பது அறிஞர் கருத்து. இப்பழியைத் தீர்க்கவே சுந்தர சோழன் படையெடுத்தான். சேவூர் என்னுமிடத்தில் கடும்போர் நிகழ்ந்தது. இளைஞனாகிய ஆதித்தன் அப்போரில் வீரபாண்டியனை எதிர்த்து நின்றதை, மதயானையோடு விளையாடும் சிங்கக்குட்டிக்கு ஒப்பிட்டுப் புகழ்கின்றது ஆனைமங்கலச் செப்பேடு. இச்செப்பேடு இப்பொழுது நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகரத்தின் பெயராலேயே வழங்குகின்றது. நம் நாட்டுச் செம்பு கடல் கடந்து போன கதை வேறொரு கட்டுரைக்கு உரியது.

பாண்டியன் பின்னர் ஆதித்தன் கையாலேயே மாண்டான். திருவாலங்காட்டுச் செப்பேடு இதனை விரித்துரைக்கின்றது. பாண்டியனைக் கொன்று, அவன் தலையைத் தன் நகரிலே வெற்றித்தூணாக நாட்டினான் ஆதித்தன் என்பது அதன் பொருள். பாண்டியன் தலைகொண்ட பரகேசரி என்று அவன் பட்டம் பெற்றதும் இதனாலேயே. தலைகொள்ளல் என்பது அடிபணிய வைத்தலையே குறிக்கும் என்று மென்மைப்படுத்திக் கூறுவாரும் உளர். செப்பேட்டின் சொல்லை நோக்க அது பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. தமிழ் வேந்தன் ஒருவன் தலையை மற்றொரு தமிழ் வேந்தன் நகரிற் கம்பத்தில் நட்டதை வீரம் என்று ஒரே மூச்சிற் புகழ்ந்துவிட என் நா எழவில்லை. பழிக்குப் பழி என்னும் அந்நாளைய போர் வழக்கே அது. அப்பழி அத்துடன் நின்றதா என்பதுதான் இச்சரிதத்தின் கேள்வி.

வெற்றி கண்ட மகனைச் சுந்தர சோழன் இளவரசாக்கி, ஆட்சியிலும் உடன் வைத்துக்கொண்டான். சோழர் இராசகேசரி, பரகேசரி என்னும் இரு பட்டங்களை மாறி மாறிப் புனைவது வழக்கம். தந்தை இராசகேசரியாக, மகன் பரகேசரியாகத் தன் பெயராலேயே கல்வெட்டுப் பொறிக்கும் உரிமை பெற்றான். அவனுக்குப் பின் வந்த உத்தம சோழனும் பரகேசரியே ஆதலால், இருவர் கல்வெட்டுக்களையும் பிரித்தறிதல் எளிதன்று. பாண்டியன் தலைகொண்ட என்னும் அடைமொழியே அறிஞருக்குக் கைவிளக்காயிற்று. தொண்டை மண்டலத்தில் பார்த்திவேந்திரவர்மன் என்னும் பெயரோடு காணப்படும் கல்வெட்டுக்களும் பாண்டியன் தலைகொண்டதைக் கூறுதலின், ஆதித்தனே அவன் என்று சிலரும், வேறொரு தலைவன் என்று சிலரும் வாதிப்பர். அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அது எவ்வாறாயினும், தக்கோலத்தில் இழந்த தொண்டை மண்டலம் சோழர் கைக்கு மீண்டது சுந்தர சோழன் ஆட்சியிலேயே. சுந்தர சோழன் தன் இறுதி நாட்களைக் காஞ்சியிலே கழித்து, அங்கிருந்த பொன்மாளிகையில் இறந்தமையால், பொன்மாளிகைத் துஞ்சின தேவர் எனப் பெயர் பெற்றான்.

அத்தந்தை கண் மூடுமுன்னரே மகன் மறைந்தான் என்பது அறிஞர் துணிபு. கி.பி. 969ஆம் ஆண்டையொட்டி ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். வெற்றிப் புகழ் வாடாத இளமைக் காலம் அது. பகைவர் வாளுக்கு முன் அஞ்சாது நின்றவன் போர்க்களத்தில் மாண்டானில்லை. தந்தையும் நெடுநாள் வாழ்ந்தானில்லை. தாய் வானவன் மாதேவி கணவனோடு உடன்கட்டை ஏறினாள். எஞ்சியோர் குந்தவையாரும் அருண்மொழியுமே.

இனி அரசு யாருக்கு? நாட்டு மக்கள் அருண்மொழியை வேண்டினர் என்றும், தன் சிறிய தந்தை மதுராந்தகனுக்கு நாட்டின்மீது விருப்பம் உள்ளவரையில் தான் அதனை மனத்தாலும் விரும்பேன் என்று அவன் மறுத்துவிட்டான் என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும். அவ்வாறே மதுராந்தகன், உத்தம சோழன் என்னும் பெயரோடு முடி சூடி, கி.பி. 985 வரை ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் ஆண்டான். அருண்மொழியைத் தனக்குப் பின் அரசுக்கு உரியவனாகவும் அமைத்தான்.

திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடுகள் கொண்டது. முதலாம் இராசேந்திரன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு அளித்ததைக் கூறுவது. 1905ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. தன் பெரிய தந்தை ஆதித்தன் எவ்வாறு இறந்தான் என்பதை இராசேந்திரன் அதில் எழுதுவித்தானில்லை. வானுலகைக் காணும் விருப்பத்தால் ஆதித்தன் மறைந்தான் என்று மட்டுமே நயமாகச் சொல்லிப் போகின்றது அச்செப்பேடு. வேறு சான்று கிடைக்காதிருந்தால், இளமையில் நோயுற்று இறந்தான் போலும் என்றே நாமும் எண்ணியிருப்போம்.

மற்றொரு சான்று கல்லில் இருந்தது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் அனந்தீசுவரம் என்னும் சிவன் கோயில் உள்ளது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்பது அவ்வூரின் பழம்பெயர். வீரநாராயணன் என்பது முதற் பராந்தகன் பட்டப்பெயர். வீரநாராயணன் ஏரியே இன்று வீராணம் எனச் சிதைந்து வழங்குகின்றது. 2004ஆம் ஆண்டு முதல் அந்த ஏரி நீர் குழாய் வழியே சென்னைக்கு வருகின்றமையின், நம்முள் அந்நீரைப் பருகாதார் சிலரே. அவ்வனந்தீசுவரத்துக் கல்வெட்டு ஒன்று 1920ஆம் ஆண்டிற் படியெடுக்கப்பெற்றது. இராசராசனுடைய இரண்டாம் ஆட்சியாண்டிற் பொறிக்கப்பட்டது அது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சிலரைப் பெயர் சுட்டிக் கூறுகின்றது. வானுலகம் காணும் விருப்பம் என்று செம்பு மூடி வைத்ததைக் கல் வெளிப்படுத்திவிட்டது.

சுட்டப்பட்டவர் சோமன் என்பானும், அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசனும், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசனும், அவர்களுடன் பிறந்த மலையனூரான் என்பானும் ஆவர். அனைவரும் உடன்பிறந்தார். பிரமாதிராசன் என்பது அரசன் தன் உயர்ந்த அலுவலராகிய அந்தணர்க்கு அளிக்கும் பட்டம். ஆகவே கொன்றவர்கள் இரவிற் புகுந்த கள்வர் அல்லர். அரண்மனையில் உரிமையோடு நடமாடியவர்கள்.

கல்வெட்டின் நோக்கம் கொலையை விவரிப்பதன்று. துரோகிகளுடைய நிலத்தையும் மனையையும் அரசன் ஆணைப்படி விற்றதைக் கூறுவதே அதன் நோக்கம். அரசன் திருமுகம் ஊர்ச் சபைக்கு வந்தது. அலுவலர் இருவர் மேற்பார்வையில் விற்பனை நடந்தது. வியாழகஜமல்லப் பல்லவரையன் என்னும் தலைவன் பொன் கொடுத்து அவற்றுட் சிலவற்றை வாங்கி, அந்தணர் உண்ணும் அறத்துக்கென அனந்தீசுவரத்துக்கு அளித்தான். யார் யாருடைய உடைமை பறிக்கப்பட வேண்டும் என்று அத்திருமுகம் அடுக்கிச் செல்லும் பட்டியலை முதன்முறை படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. கொன்றவர் மட்டுமல்லர், அவர் மக்கள், மனைவியர், தாய்மார், சிற்றப்பன் பெரியப்பன்மார், பெண் கொடுத்த மாமன்மார், பெண் எடுத்தவர் என அது நீள்கின்றது. அந்தணரைக் கொல்லுதல் ஆகாது என்னும் அக்கால நீதிநூல் விதியால் உடைமை பறித்தலே பெருந்தண்டமாயிற்று எனக் கூறுவர். ஆயினும் பதினாறு ஆண்டுகட்கும் மேற்பட்ட காலத்துக்கு முன் நிகழ்ந்த குற்றத்துக்காக, அந்த வீட்டில் மருமகளாகப் புகுந்ததைத் தவிர வேறொன்றும் அறியாத ஒருத்தியின் மனையும் ஏலத்துக்குப் போயிற்றே.

இக்கல்வெட்டைக் காட்டி ஒரு குலத்தார் அனைவரையும் பழிப்பாரை மேடைகளில் யான் கேட்டதுண்டு. அது தகாது. குற்றவாளிகளின் நிலத்தை விற்கும் பொறுப்பை இராசராசன் ஒப்படைத்ததும் அந்தணர் சபையிடமே. அந்நிலத்தின் பயன் சென்றதும் அந்தணர்க்கே. உடன்பிறந்தார் நால்வர் செய்ததை நால்வர் தலையிலேயே வைத்தல் வேண்டும். சாதிச் சங்கத்து ஏட்டிலே இதனை எழுதுவது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். இங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவது?

நிற்க. கொன்ற கை தெரிந்தது. ஏவிய வாய் எது? இங்கேதான் உத்தம சோழன் மீது பழி விழுந்தது. பேராசிரியர் நீலகண்ட சாத்திரியார் தம் சோழர் வரலாற்றில் இவ்வையத்தை வெளிப்படையாகவே எழுதினார். ஆதித்தன் இறந்ததனாற் பயன் பெற்றவன் உத்தமன். அவன் ஆண்ட பதினாறு ஆண்டுகளிலும் கொலையாளிகள்மீது நடவடிக்கை எடுத்ததாக ஒரு கல்வெட்டும் இல்லை. இராசராசன் முடிசூடிய இரண்டாம் ஆண்டிலேயே அவர்கள் உடைமை பறிக்கப்பட்டது. அருண்மொழி விட்டுக்கொடுத்ததைச் செப்பேடு சொல்லும் முறையிலும், சிறிய தந்தையின் ஆசை சற்றே குத்திக் காட்டப்படுகின்றது. இவற்றை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஐயம் எழுதல் இயல்பே. எனக்கும் என் இளமையில் அவ்வையம் இருந்தது. மாணவர்க்கும் அவ்வாறே பல ஆண்டுகள் கூறிவந்தேன்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்த சதாசிவ பண்டாரத்தார், 1949இல் வெளிவந்த தம் பிற்காலச் சோழர் சரித்திரத்தில் இதனை மறுத்தார். அதனைப் படித்த பின்னரே என் எண்ணம் மாறிற்று. உத்தமன் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசன் ஆட்சியில் உயர்ந்த அலுவல் பெற்று, கோயில்களின் நிர்வாகத்தை ஆராயும் பொறுப்பில் இருந்தான். தமையனைக் கொல்வித்தவன் மகனை அருகில் வைத்துக்கொள்ள எவன் துணிவான்? கொன்றவரோடு பெண் கொடுத்தல் எடுத்தல் செய்தவரையும் விட்டுவையாத இராசராசன், ஏவியவன் குடும்பத்தை மட்டும் போற்றியிருப்பானா? செம்பியன் மாதேவியாரோ உத்தமனுக்குப் பின்னும் பல்லாண்டு வாழ்ந்து, அரச குடும்பம் முழுவதும் தாயெனப் போற்ற, செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக்கிக்கொண்டிருந்தார். இராசராசன் தன் மகனுக்கு இட்ட இளமைப் பெயரும் மதுராந்தகன் என்பதே. அது முதற் பராந்தகனுக்குரிய பட்டமும் ஆதலால் இதனைப் பெருஞ்சான்றாக யான் கொள்ளவில்லை. எனினும் வெறுத்த பெயரை மகனுக்கு எவரும் இடார்.

இவற்றினும் வலியதாக எனக்குப் படுவது வேறொன்று. அரசுக்காக அண்ணனைக் கொல்வித்தவன், தம்பியைப் பதினாறு ஆண்டு உயிரோடு விட்டுவைத்து, அவனையே தன் பின் அரசனாக்குவானா? தனக்கு மகன் இருந்தும் அவ்வாறு செய்தான் உத்தமன்.

அங்ஙனமாயின் ஏவியவர் பாண்டியர் பக்கத்தாரோ என்பது அடுத்த வினா. பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். தலை கம்பத்தில் நட்ட செய்தியை மறவாத பாண்டியச் சார்பினர் பழி தீர்த்தனர் எனக் கொள்வாருக்கு அப்பட்டம் துணை செய்கின்றது. ஆனால் பாண்டியனை வென்ற சோழர் தம் அலுவலர்க்கே அப்பெயர்ப் பட்டம் சூட்டுவதும் இயலும்; தம்பியின் பட்டத்தில் இருமுடிச்சோழன் பெயர் இருத்தலையும் காண்க. ஆகவே இது இருபுறமும் வெட்டும் வாள். பழிவாங்கலே காரணம் என்பதில் என் மனம் சாய்கின்றது. நீதிமன்றத்தில் அதனை நிலைநாட்ட எனக்குச் சான்று போதாது.

உத்தமன் பக்கம் விடையிறுக்க வேண்டிய ஒன்று உண்டு என்பதையும் மறைத்தல் கூடாது. பதினாறு ஆண்டுகள் உடைமைகள் பறிக்கப்படாமற் கிடந்தன என்பது அவன் அரசுக்கு இழுக்கே. எனினும் இராசராசன் இரண்டாம் ஆண்டுக் கல் நில விற்பனையைத்தான் கூறுகின்றது. கொன்ற நால்வரும் அதுகாறும் உயிரோடு ஊரில் உலவினர் என்று அது கூறவில்லை. அவர்கள் முன்பே தண்டிக்கப்பட்டோ நாடு கடந்தோ போயிருக்க, உடைமை பற்றிய கணக்கு மட்டும் எஞ்சி நின்றிருக்கலாம். கல் பேசாதவிடத்தில் நாம் ஒருவனைக் கொலைகாரன் என்று பேசுவது எவ்வளவு எளிது! எழுபது தலைமுறை கழிந்தாலும் இறந்தவன் எழுந்து வந்து மறுக்கமாட்டான் அல்லவா?

சென்ற திங்களில் எங்கள் பள்ளி மாணவர் சிலரைத் திருமுல்லைவாயில் மாசிலாமணி ஈசுவரர் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே நாம் அடிக்கடி சென்று வழிபடும் கோயில் அது. உத்தம சோழன் காலத்துக் கல்வெட்டு அங்குள்ளதென்றும், அவன் அன்னை செம்பியன் மாதேவியார் அக்கோயிலுக்குச் செய்த அறம் அதிற் பொறிக்கப்பட்டுள்ளதென்றும் கூறினேன். உடனே ஒரு சிறுவன், கரிகாலனைக் கொன்றவனுடைய தாயா அவர் என்று கேட்டான். முன் ஆண்டுகளில் யானே கற்பித்த பாடம் அது. அம்மாணவனை அருகில் அழைத்து, மேலே எழுதியனவற்றையெல்லாம் அக்கோயில் திருச்சுற்றில் நின்றபடியே கூறினேன். அவன் முழுதும் கேட்டுவிட்டு, அப்படியானால் யார்தான் ஏவினார்கள் என்று திரும்பவும் வினவினான். கல்லில் அவ்வளவுதான் உள்ளது என்றேன். அதற்குள் உச்சிக்கால மணி அடித்தது, உள்ளே சென்றோம்.